ஓவியர்கள் கூடி நடத்திய எட்டுக் காட்சிகள்

ஓவியம் தீட்டுவது தனிமையில் நிகழும் செயல். அதைப் பிறர் காணுமாறு செய்வதோ தனியொருவரால் எளிதில் இயலாத காரியம். பாடகனுக்குக் குரல் இருந்தால் போதும். திண்ணையில் அமர்ந்தும் பாடலாம். ஓவியனுக்குச் சுவர் வேண்டும். அந்தச் சுவரில் நல்ல வெளிச்சம் விழவேண்டும். கூடத்திற்கு வாடகை கொடுக்கப் பணம் வேண்டும். பார்க்க வருவோருக்கு ஓய்வும் மனமும் வாய்க்கும் பருவமாகவும் இருத்தல் வேண்டும். இவை அனைத்தையும் ஒருவனே தேடிக்கொள்ள இயலாமையால், பலர் சேர்ந்து ஒரு கூடத்தை எடுத்து, ஆண்டில் ஒரு குறித்த பருவத்தில் தம் படங்களைக் காட்டும் வழக்கம் தோன்றியது. இன்று உலகின் பெருநகரங்களில் வசந்தக் காட்சி என்றும், கோடைக் காட்சி என்றும், இலையுதிர்காலக் காட்சி என்றும் நடப்பவை பல. அவற்றைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அவை எவ்வாறு நடக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கூட்டுக் காட்சி நடத்தும் எவருக்கும் நான்கு வினாக்கள் எழுகின்றன. எவருடைய படங்களைச் சேர்ப்பது? எந்தப் படத்தை எங்கே மாட்டுவது? செலவை யார் ஏற்பது? எந்தப் பருவத்தில் கதவைத் திறப்பது? கேட்பதற்கு இவை சிறிய வினாக்களே. ஆயினும் இவற்றிற்கு விடை காண முயன்ற ஓர் ஓவியர் குழு கலை வரலாற்றின் போக்கையே மாற்றிவிட்டது. பாரிஸ் நகரில் 1874 முதல் 1886 வரை அவர்கள் நடத்திய எட்டுக் காட்சிகளைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

அக்காலத்துப் பாரிஸில் ஓர் ஓவியன் மக்களின் பார்வைக்கு வர ஏறத்தாழ ஒரே வாயில்தான் இருந்தது. அதன் பெயர் சலோன். அரசர் பதினான்காம் லூயியின் காலத்தில், 1667-இல், கலைக்கழகத்தார் தம் உறுப்பினர்களின் படைப்புகளை முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டினர். பின்னர் லூவர் அரண்மனையின் ‘சலோன் காரே’ என்னும் சதுரக் கூடத்தில் அக்காட்சி நடந்தமையால், கூடத்தின் பெயரே காட்சிக்கும் பெயராயிற்று. 1748 முதல் படங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குழுவும் ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தச் சலோன் ஒரு பெருந்திருவிழாவாகவே வளர்ந்துவிட்டது. வசந்தம் முதிரும் காலத்தில் தொழில் மாளிகை என்னும் பெரிய கட்டடத்தில் அது நடைபெறும். ஆயிரக்கணக்கான படங்கள், இலட்சக்கணக்கான பார்வையாளர்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும். பதக்கம் பெற்ற ஓவியனிடம் செல்வர்கள் தம் உருவப்படம் எழுதித்தரக் கேட்டு வருவார்கள்.

சலோனில் இடம் பெற்றவனுக்கு வாழ்வு, இடம் பெறாதவனுக்கு? தள்ளப்பட்ட படத்தின் பின்புறச் சட்டத்தில் ‘மறுக்கப்பட்டது’ என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தைப் பொறித்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த முத்திரை விழுந்த படத்தை வாங்க எவரும் துணியமாட்டார். தேர்வுக் குழுவில் இருந்தோர் பெரும்பாலும் கலைக்கழகத்து மூத்தோர். புராண வரலாறுகளையும் போர்க்களங்களையும் வழவழப்பான நிறப்பூச்சில் தீட்டுவதே உயர்ந்த ஓவியம் என்பது அவர்கள் கொள்கை. ஆற்றங்கரையையும், இரயில் நிலையத்தையும், சலவைத் தொழிலாளியையும் வரைந்தவர்களை அவர்கள் விரும்பவில்லை. 1866-இல் சலோன் தன் படத்தை மறுத்ததனால் மனமுடைந்து ஓர் ஓவியர் தம் உயிரையே போக்கிக்கொண்டார். ஒரு குழுவின் ஒரு சொல் ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்புக்குத் தீர்ப்பாகிவிடும் நிலை எவ்வளவு கொடியது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

சலோன் படங்களை மாட்டும் முறையிலும் குறை இருந்தது. தரையை ஒட்டித் தொடங்கி விதானம் வரை, சட்டத்தோடு சட்டம் உரசும்படி படங்களை அடுக்குவார்கள். கண்ணுக்கு நேரே இடம் கிடைத்தவர் பேறு பெற்றவர். மூன்றாம் நான்காம் வரிசைக்கு ஏறிய படத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும், அதில் உள்ளது மாடா மரமா என்று தெரியாது. சிறிய படங்களை எழுதுவோர் இதனால் பெரிதும் இழந்தனர்.

1863-ஆம் ஆண்டில் தேர்வுக் குழு ஆயிரக்கணக்கான படைப்புகளைத் தள்ளியது. எழுந்த கூக்குரல் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் செவிக்கு எட்டியது. தள்ளப்பட்டவற்றையும் அதே மாளிகையில் தனியே காட்டட்டும், மக்களே தீர்ப்புக் கூறட்டும் என்று அவர் ஆணையிட்டார். அதுவே ‘மறுக்கப்பட்டோர் சலோன்’ என்று பெயர் பெற்றது. எதுவார் மானேயின் ‘புல்வெளியில் சிற்றுண்டி’ என்று இன்று புகழ்பெற்றுள்ள ஓவியம் அங்கேதான் காட்டப்பட்டது. மக்கள் திரண்டு வந்தனர், வந்து நகைத்தனர். அரசரின் கருணையால் கிடைத்த சுவர் கேலிக்குரிய சுவராகவே முடிந்தது. இளம் ஓவியர் சிலர் அதிலிருந்து ஒரு பாடம் கற்றனர். பிறர் தரும் சுவரில் தொங்குவதைவிட, தமக்கென ஒரு சுவரைத் தாமே வாடகைக்கு எடுப்பது மேல் என்பதே அப்பாடம்.

இந்த எண்ணத்தை முதலில் ஒரு திட்டமாக வகுத்தவர்களுள் பிரெதெரிக் பஸீல் என்னும் இளைஞர் குறிப்பிடத்தக்கவர். தென்பிரான்சில் மோன்பெல்லியே நகரத்தைச் சேர்ந்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர். மோனேயும் ரெனுவாரும் அவருடைய நண்பர்கள். கையில் காசில்லாத காலங்களில் அவருடைய ஓவியக்கூடத்திலேயே தங்கியிருந்தவர்கள். ஆண்டுதோறும் ஒரு பெரிய கூடத்தை எடுத்து, விருப்பம்போல் எத்தனை படங்களையும் காட்டுவது என்னும் தங்கள் திட்டத்தைப் பஸீல் 1867-இல் தம் பெற்றோருக்கு எழுதினார். நண்பர்கள் எல்லோரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். சேர்ந்த தொகை 2,500 பிராங்கு. அது போதவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. மூன்று ஆண்டுகளில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பஸீல் படையில் சேர்ந்தார். 1870 நவம்பர் 28-ஆம் நாள் போன்-லா-ரோலாந்துப் போர்க்களத்தில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு 29 வயதுகூட நிரம்பவில்லை. அவர் கனவு கண்ட காட்சி, அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்தே நனவாயிற்று.

போர் முடிந்து அமைதி திரும்பியபின், 1873 டிசம்பர் 27-ஆம் நாள், ஓவியர்கள், சிற்பிகள், செதுக்கோவியர்கள் ஆகியோரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று முறையாக அமைக்கப்பட்டது. மோனே, ரெனுவார், பிஸாரோ, ஸிஸ்லே, டெகா, பெர்த் மொரிஸோ என்னும் அம்மையார் ஆகியோர் அதில் முன்னின்றனர். சங்கத்தின் விதிகளுக்குப் பிஸாரோ முன்மாதிரியாகக் கொண்டது எதனை என்பது சுவையான செய்தி. அவர் வாழ்ந்த போந்துவாஸ் ஊரில் ரொட்டி சுடுவோர் தமக்கென ஒரு சங்கம் வைத்திருந்தனர். அதன் விதிகளைப் பார்த்தே ஓவியர் சங்கத்திற்கும் விதிகளை அவர் வகுத்துக் காட்டினார். ரொட்டிச் சங்கத்தின் விதிகள் மிகவும் கடுமையாக இருக்கின்றன என்று ரெனுவார் மறுத்தார். சில விதிகளைத் தளர்த்திக்கொண்டனர். ஆயினும் அடிப்படை மாறவில்லை. கலைஞனும் ஒரு தொழிலாளியே. தன் உழைப்பின் பயனைத் தானே சந்தைக்குக் கொண்டுவர அவனுக்கு உரிமை உண்டு என்பதே அந்த அடிப்படை.

முன்பு கூறிய நான்கு வினாக்களுக்கும் இச்சங்கம் கண்ட விடைகளை இனிக் காண்போம்.

முதல் வினா, எவருடைய படங்களைச் சேர்ப்பது என்பது. சங்கத்தில் சேர்ந்து சந்தா செலுத்தியவர் எவரும் படம் வைக்கலாம், தேர்வுக் குழு இல்லை, பதக்கமும் இல்லை. இரண்டாவது, எங்கே மாட்டுவது என்பது. படங்களை அளவு வாரியாகப் பிரித்துவிட்டு, பின்னர் சீட்டுக் குலுக்கிப் போட்டு இடத்தை முடிவு செய்வது என்று வகுத்தனர். பெரியவர் சிறியவர் என்ற பூசலுக்கு இடமே இல்லை. மூன்றாவது, செலவு. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 60 பிராங்கு தரவேண்டும். ஏழைகளுக்கு எளிதாக இருக்கும்பொருட்டு மாதம் ஐந்து பிராங்காகவும் செலுத்தலாம். விற்பனையாகும் படத்தின் விலையில் பத்தில் ஒரு பங்கு சங்கத்தின் பொது நிதிக்குச் சேரும். நான்காவது, பருவம். பாரிஸில் குளிர்காலப் பகல் குறுகியது, மங்கலானது. கோடையிலோ செல்வர்கள் நாட்டுப்புற மாளிகைகளுக்கும் கடற்கரைகளுக்கும் சென்றுவிடுவர். ஆகவே வசந்தமே ஏற்ற காலம். அதிலும் சலோன் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே திறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தனர். பின்னால் திறந்தால், சலோனில் தள்ளப்பட்டவர்கள் கூடி நடத்தும் காட்சி என்று உலகம் பேசுமன்றோ?

இடமும் கிடைத்தது. நதார் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர், காப்புசீன் பெருவீதியில் 35-ஆம் எண் கட்டடத்தில் இருந்த தம் பழைய கூடங்களை அளித்தார். நகரத்தின் நடுநாயகமான தெரு, அகன்ற சாளரங்கள், செம்பழுப்புத் துணி போர்த்த சுவர்கள். 1874 ஏப்ரல் 15-ஆம் நாள் காட்சி திறக்கப்பெற்று ஒரு மாதம் நடந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்கு. படப் பட்டியலின் விலை அரைப் பிராங்கு. காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை பார்க்கலாம். அதன் பின்னரும் இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை எரிவாயு விளக்கொளியில் கூடம் திறந்திருக்கும். பகலெல்லாம் வேலை செய்வோரும் வந்து காண வாய்ப்பளித்த இந்த இரவு நேரம் அக்காலத்தில் ஒரு புதுமை.

பங்குகொண்டவர்கள் ஏறத்தாழ முப்பது பேர். பட்டியலில் இடம்பெற்ற எண்கள் 165. எல்லோரும் ஒரே வகை ஓவியர் என்று எண்ணிவிடக் கூடாது. இது கலகக்காரர் கூட்டம் என்ற பெயர் வராதிருக்கவேண்டும் என்பதற்காக, சலோனிலும் மதிப்புப் பெற்ற பழமைப் போக்கினர் சிலரை டெகா வற்புறுத்திச் சேர்த்திருந்தார். அம்முப்பது பெயர்களில் இன்று உலகம் நினைவில் வைத்திருப்பவை ஏழெட்டே. கூட்டுக் காட்சியின் இயல்பே அதுதான். சிறப்பானதும் சாதாரணமானதும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். எது எஞ்சும் என்பதை அன்று வந்து பார்ப்பவர் சொல்ல முடியாது.

அந்தச் சுவர்களில் அன்று தொங்கியவை யாவை? குழந்தை உறங்கும் தொட்டிலைத் தாய் ஒருத்தி குனிந்து நோக்கும் மொரிஸோவின் ‘தொட்டில்’. நாடக அரங்கின் மாடத்தில் வீற்றிருக்கும் மங்கையை வரைந்த ரெனுவாரின் ‘அரங்க மாடம்’. டெகாவின் நடனப் பெண்கள். உழுத வயலில் பனி படர்ந்த காலைப்பொழுதைக் காட்டும் பிஸாரோவின் ஓவியம். செஸானின் ‘தூக்கிட்டுக்கொண்டவன் வீடு’. இவற்றோடு லஹாவர் துறைமுகத்தில் மூடுபனியின் ஊடே செஞ்ஞாயிறு எழுவதைத் தீட்டிய மோனேயின் சிறு படமும் இருந்தது. பட்டியலைத் தொகுத்தவர் ரெனுவாரின் தம்பி எட்மோன். மோனே தந்த தலைப்புகள் எல்லாம் ஒரே மாதிரியாக இருக்கின்றனவே என்று அவர் குறைப்பட்டார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டபோது, ‘மனப்பதிவு என்று போட்டுக்கொள்ளுங்கள்’ என்னும் பொருள்பட மோனே விடை கூறினாராம். அப்படியே ‘மனப்பதிவு: சூரிய உதயம்’ என்று அச்சாயிற்று.

ஷாரிவாரி என்னும் நகைச்சுவைப் பத்திரிகையில் எழுதிவந்த லூயி லெருவா இந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டார். ‘மனப்பதிவுக்காரர்களின் காட்சி’ என்னும் தலைப்பில் ஏப்ரல் 25-ஆம் நாள் ஒரு கேலிக் கட்டுரை வரைந்தார். ஏளனமாக எறிந்த சொல் நாளடைவில் ஒரு கலை இயக்கத்தின் திருப்பெயராகிவிட்டது. பத்திரிகையாளர் அனைவரும் ஏசினர் என்று சிலர் எழுதுவது உண்மைக்கு மாறானது. இவர்களின் துணிவைப் பாராட்டியவர்கள் பலர். இவர்கள் வரைவது நிலக்காட்சியை அன்று, அந்நிலக்காட்சி மனத்தில் எழுப்பும் உணர்வையே என்று காஸ்தாஞாரி என்னும் திறனாய்வாளர் அன்றே நுட்பமாக எடுத்துக் கூறினார்.

பாராட்டு வந்தது, பணம் வரவில்லை. முதல் நாள் வந்தோர் 175 பேர். இறுதி நாள் வந்தோர் 54 பேர். ஒரு மாதத்தில் மொத்தம் ஏறத்தாழ 3,500 பேர். ஆவலோடு திறந்து வைத்த இரவு நேரத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே வந்தனர். விற்ற படங்கள் மிகச் சில. ஆண்டு இறுதியில், டிசம்பர் 17-ஆம் நாள், ரெனுவாரின் ஓவியக்கூடத்தில் உறுப்பினர்கள் கூடிக் கணக்குப் பார்த்தனர். சங்கத்தின் கடன் 3,713 பிராங்கு. கையிருப்பு 300 பிராங்குகூட இல்லை. ஒவ்வொருவரும் நூற்றெண்பத்து நான்கரை பிராங்கு செலுத்தினாலன்றிக் கடன் தீராது. சந்தாவைப் போல் மூன்று மடங்கு! சங்கத்தைக் கலைத்துவிடுவதென ஒருமனதாக முடிவு செய்தனர்.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். சங்கம் கலைந்தது, ஆனால் கூட்டம் கலையவில்லை. 1876 ஏப்ரலில், துராங்-ருயேல் என்னும் வணிகரின் கூடத்தில், லெப்பெல்தியே தெருவில் இரண்டாம் காட்சி நடந்தது. முதற் காட்சியிலிருந்து கற்ற பாடம் ஒன்று அங்கே புலனாயிற்று. சீட்டுக் குலுக்கும் முறை கைவிடப்பட்டது. ஒவ்வோர் ஓவியரின் படங்களையும் ஒருசேர மாட்டினர். சீட்டுக் குலுக்கல் மனிதருக்கு நீதி செய்தது. படங்களுக்கு நீதி செய்யவில்லை. ஒருவரின் பத்துப் படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் அவர் எதை நாடுகிறார் என்பது காண்பவருக்கு விளங்கும். படங்களுக்கு இடையே இடைவெளி விட்டு, பல அடுக்குகளாக ஏற்றாமல் கண்மட்டத்தில் மாட்டும் முறையும் இக்காட்சிகளால் வலுப்பெற்றது. பொன்முலாம் பூசிய கனத்த சட்டங்களை நீக்கி, பிஸாரோவும் டெகாவும் 1877-இல் வெள்ளைச் சட்டங்களைக் கையாண்டனர். இன்று ஓவியக் கூடங்களில் நாம் காணும் அமைதியான சுவர்களுக்கு இவர்கள் செய்த சோதனைகளும் ஒரு காரணம்.

இரண்டாம் காட்சியில் புதிதாக வந்து சேர்ந்தவர் குஸ்தாவ் கையிபோத். மரத்தரையை இழைக்கும் தொழிலாளர்களை அவர் வரைந்த ஓவியத்தை முந்திய ஆண்டு சலோன் தள்ளியிருந்தது. அவர் பெருஞ்செல்வர். மூன்றாம் காட்சிக்குரிய வாடகையை அவரே முன்பணமாகக் கொடுத்தார், படங்களைச் சேர்த்தார், மாட்டுவதிலும் கைகொடுத்தார், வறுமையில் வாடிய நண்பர்களின் படங்களை விலைக்கு வாங்கினார், மோனேக்கு வீட்டு வாடகையும் செலுத்தினார். 1876 நவம்பரில் அவருடைய தம்பி திடீரென இறந்தபோது, தமக்கும் ஆயுள் குறைவோ என்னும் அச்சம் அவருக்கு உண்டாயிற்று. 28 வயதிலேயே உயில் எழுதினார். அந்த உயிலில் அவர் முதன்மையாகக் கருதியது யாது? 1878-இல் தம் நண்பர்களின் காட்சி சிறப்புற நடப்பதற்குத் தக்க தொகையைத் தம் சொத்திலிருந்து ஒதுக்கவேண்டும் என்பதே. தாம் இறந்தாலும் காட்சி நிற்கக் கூடாது என்று எண்ணிய அந்த உள்ளத்தை என்னென்பது!

1877 ஏப்ரலில் நடந்த மூன்றாம் காட்சியே எட்டிலும் சிறந்தது என்பது பலர் கருத்து. ரெனுவாரின் ‘மூலான் த லா கலெத்’ நடன விழா, மோனேயின் சான் லசார் இரயில் நிலைய ஓவியங்கள், மழை பெய்யும் பாரிஸ் தெருவைக் காட்டும் கையிபோத்தின் பெரிய ஓவியம் ஆகியவை ஒரே வீட்டின் அறைகளில் தொங்கின. ஏளனச் சொல்லாக வந்த ‘மனப்பதிவுக்காரர்’ என்னும் பெயரை ஓவியர்கள் தாமே ஏற்றுக்கொண்டதும் அப்போதுதான். ஆயினும் விற்பனை தழைக்கவில்லை. மோனேயின் ‘சூரிய உதயம்’ 1874-இல் 800 பிராங்குக்கு விலைபோன படம். வாங்கிய வணிகர் நொடித்துப்போனபின், 1878 ஏலத்தில் அதன் விலை 210 பிராங்காக இறங்கியது.

வெளியே இருந்து வந்த எதிர்ப்பைத் தாங்கிய குழு, உள்ளே எழுந்த ஒரு வினாவால் பிளவுபட்டது. நம்மோடு படம் வைப்பவர் சலோனுக்கும் படம் அனுப்பலாமா என்பது அவ்வினா. அனுப்பக் கூடாது என்று உறுதியாக நின்றவர் டெகா. கொள்கை அளவில் அவர் கூறியது சரியே. இரண்டு படகில் கால் வைப்பவரால் எந்தப் படகும் கரை சேராது. ஆனால் ரெனுவார் ஏழைத் தையற்காரரின் மகன். உருவப்படம் எழுதித்தான் பிழைக்கவேண்டும். சலோனில் இடம் பெறாத ஓவியனிடம் உருவப்படம் கேட்டு வருவோர் சிலரே. வயிற்றுக்கு இல்லாதவனிடம் கொள்கையை மட்டும் காட்டுவது நியாயமா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது; அதனாலேயே பிளவு ஆழமாயிற்று. 1879-இல் நடந்த நான்காம் காட்சியில் ரெனுவார், ஸிஸ்லே, செஸான் மூவரும் இல்லை. அடுத்த ஆண்டு மோனேயும் விலகிச் சலோனுக்குப் படம் அனுப்பினார்.

விந்தை என்னவெனில், பணத்தளவில் வெற்றி கண்டது அந்த நான்காம் காட்சியே. வந்து பார்த்தோர் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர். செலவு போக ஒவ்வொருவருக்கும் 439 பிராங்கு பங்காகக் கிடைத்தது. அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்திருந்த அமெரிக்க ஓவியர் மேரி கசாத் அம்மையார், தமக்குக் கிடைத்த பங்கைக் கொண்டு மோனேயின் படம் ஒன்றையும் டெகாவின் படம் ஒன்றையும் வாங்கினார். கூட்டுறவு என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

பின்வந்த காட்சிகளை விரைந்து கூறிவிடலாம். 1880-இல் ஐந்தாம் காட்சி, கட்டி முடியாத ஒரு கட்டடத்தில், கொத்தர்களின் ஓசைக்கு நடுவே நடந்தது. 1881-இல் ஆறாம் காட்சிக்கு நதாரின் பழைய கட்டடத்திற்கே மீண்டும் வந்தனர். ஆனால் இம்முறை கிடைத்தவை பின்பக்கத்து அறைகள். டெகாவின் ‘பதினான்கு வயது நடனச் சிறுமி’ என்னும் மெழுகுச் சிற்பம் அங்கேதான் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டது. 1882-இல் ஏழாம் காட்சியை ஒருங்கு சேர்த்தவர் வணிகர் துராங்-ருயேல். அதற்கு டெகா வரவில்லை. மோனேயும் ரெனுவாரும் திரும்பினர். 1886-இல் எட்டாவதும் இறுதியுமான காட்சி நடந்தது. டெகாவின் பிடிவாதத்தால் அது சலோன் நடக்கும் அதே வாரங்களில் வைக்கப்பட்டது. அதில் பிஸாரோ வற்புறுத்திச் சேர்த்த இளைஞர் இருவருள் ஒருவர் ஜார்ஜ் சூரா. அவருடைய ‘கிராந்து ஜாத்துத் தீவில் ஞாயிறு மாலை’ என்னும் பேரோவியம், புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்து எழுதப்பட்டது. மனப்பதிவுக்காரர்களின் கடைசிச் சுவரில் அடுத்த தலைமுறையின் முதற் பெரும் படைப்பு ஏறியது. எட்டுக் காட்சிகளிலும் தவறாமல் பங்குகொண்டவர் ஒருவரே. ரொட்டி சுடுவோரின் விதிகளைக் கையில் எடுத்துவந்த பிஸாரோ.

இந்த எட்டுக் காட்சிகளால் விளைந்தது என்ன? அரசாங்கமே 1881-இல் சலோனை நடத்தும் பொறுப்பைக் கைவிட்டு, ஓவியர்களின் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டது. 1884-இல் தேர்வுக் குழுவும் பரிசும் இல்லாத ‘சுதந்திர ஓவியர் சங்கம்’ தோன்றியது. 1903-இல் இலையுதிர்காலச் சலோன் தொடங்கியது. வசந்தத்தில் ஒரே ஒரு கதவு இருந்த நகரில் பருவத்துக்கு ஒரு கதவு திறந்தது. கையிபோத் 1894-இல் மறைந்தபோது, நண்பர்களிடமிருந்து தாம் வாங்கிச் சேர்த்த ஓவியங்களை நாட்டுக்கு விட்டுச் சென்றார். நீண்ட தயக்கத்திற்குப் பின் அரசு அவற்றுள் ஏறத்தாழ நாற்பதை மட்டும் ஏற்றுக்கொண்டது. வேண்டாவெறுப்பாகப் பெற்ற அந்தக் கொடை இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று.

கூட்டுக் காட்சி நடத்த விரும்புவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில உண்டு. சேர்ந்து காட்சி வைப்பதற்கு எல்லோரும் ஒரே கருத்தினராக இருக்க வேண்டியதில்லை. டெகாவுக்கும் மோனேக்கும் கலையில் இருந்த வேற்றுமை சிறிதன்று. ஆனால் விதிகள் முன்னதாகவே தெளிவாக இருத்தல் வேண்டும். கணக்கு எல்லோருக்கும் தெரியும்படி இருத்தல் வேண்டும். தேர்வுக் குழுவை நீக்கிவிட்டால் தேர்வே இல்லாமல் போகாது. அப்பொறுப்பு காண்பவரின் கண்ணுக்கும் காலத்துக்கும் மாறுகிறது, அவ்வளவே. மேலும், முதல் ஆண்டின் கணக்கை வைத்து ஒரு முயற்சியை எடை போடுதல் கூடாது. 1874 டிசம்பரில் கணக்குப் பார்த்தவர்கள் தோல்வி என்றுதான் எழுதி மூடினர். மறுபடியும் கூடியதனாலேயே அது தோல்வியாகவில்லை.

2024-இல், முதற் காட்சி நடந்து 150 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, ஓர்சே அருங்காட்சியகத்தார் மார்ச் முதல் ஜூலை வரை ஒரு சிறப்புக் காட்சி நடத்தினர். நதாரின் கூடத்தில் தொங்கிய படங்களையும், அதே 1874-இல் சலோனில் தொங்கிய படங்களையும் ஒருங்கே வைத்துக் காட்டினர். அன்று இலட்சக்கணக்கானோர் கண்டு வியந்த படங்களையும், 3,500 பேர் மட்டுமே பார்த்த படங்களையும் காண்போர் ஒரே கூரையின்கீழ் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மாதம் ஐந்து பிராங்கு சேர்த்து வாடகைக்கு எடுத்த சுவருக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதை அதனைக் கண்டோர் உணர்ந்திருப்பர். நம் ஊரில் எங்கேனும் ஒரு சிறு கூடத்தில் நான்கைந்து ஓவியர் சேர்ந்து தம் படங்களை மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், நேயர்களே, ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிச் சென்று பாருங்கள். கடைசி நாளில் வந்த அந்த ஐம்பத்து நான்கு பேரும் கலைக்குச் செய்த தொண்டு சிறிதன்று.